வாய்ப் புற்றுநோய் ஆய்வகத்தில் முதல் தலைமுறை ஆய்வாளர்கள்: உதவித்தொகை தீருமுன் கரை சேர்ப்பது எப்படி?

பிப்பெட்டும் பேனாவும் கேட்டது:

வணக்கம். மாநிலப் பல்கலைக்கழகத்தில் வாய்ப் புற்றுநோய் பற்றி வேலை செய்யும் சின்ன ஆய்வகம். இந்தப் பருவத்தில் மூன்று பேர் பி.எச்டி.க்குச் சேர்கிறார்கள். மூன்று வீட்டிலும் இவர்களுக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசல் மிதித்ததில்லை.

ஒருவர் எஸ்.சி. பிரிவு; எஸ்.சி. மாணவருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகையின் (என்.எஃப்.எஸ்.சி.) தேர்வுப் பட்டியலில் பெயர் இருக்கிறது, பணம் இன்னும் வரத் தொடங்கவில்லை. இரண்டாமவர் தலித் கிறித்தவர், சான்றிதழில் பி.சி. என்றிருக்கும், நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் விரிவுரையாளர் தகுதி மட்டும். மூன்றாவது ஒரு முஸ்லிம் மாணவி, சி.எஸ்.ஐ.ஆர். ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கையில் இருக்கிறது. பக்கத்துத் துறையில் எஸ்.டி. உதவிப் பேராசிரியர் ஒருவர் முதல் நிதி விண்ணப்பம் எழுதப்போகிறார், அவருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

"ஊக்கப்படுத்துங்கள், தன்னம்பிக்கை கொடுங்கள்" என்ற பதில் வேண்டாம். எந்தக் காகிதம், எந்த மாதம், எவ்வளவு பணம், எங்கே சிக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கணக்குப்பிள்ளை:

பெட்ரி டிஷ் அப்புறம், முதலில் பணம்.

2023 ஜனவரி 1 முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000, இரண்டு வருடம் கழித்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) ஆனால் 42,000, அதோடு ஊருக்கேற்ற வீட்டு வாடகைப்படி. என்.எஃப்.எஸ்.சி.யும் இதே அளவுதான். மொத்தம் ஐந்து வருடம். ஆனால் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூ.ஜி.சி.) 2022 விதிப்படி பி.எச்டி.யை ஆறு வருடம் வரை இழுக்கலாம், மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. ஆய்வேடு ஆறாம் வருடத்துக்குள் நுழைந்தால் அந்த வருடம் சோறு யார் போடுவது? வீட்டில் பின்பலம் உள்ளவர் சமாளித்துவிடுவார். உங்கள் மூவரில் யாராலும் முடியாது. நீங்கள் எடுக்கும் முடிவையெல்லாம் இந்த ஒரு கேள்வியை வைத்தே எடை போடுங்கள்.

முதல் மாணவர்: சேர்ந்த நாளுக்கும் முதல் தவணைக்கும் நடுவே பல மாதம் ஓடிவிடும். நிலுவை பிறகு மொத்தமாக வரும் என்றாலும் விடுதி மெஸ் அதுவரை பொறுக்காது. சேரும் வாரத்திலேயே விடுதிக் காப்பாளருக்கும் நிதி அலுவலருக்கும் உங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம் போடுங்கள்: "உதவித்தொகை உறுதியாகியுள்ளது, நிலுவை வந்ததும் கட்டணம் செலுத்தப்படும்." மாணவரே கேட்டால் விதி பேசுவார்கள், நெறியாளர் கடிதம் வந்தால் கோப்பில் போடுவார்கள். அந்த இடைக்காலத்துக்கு ப்ராஜெக்ட் சம்பளம் கொடுத்துத் தாங்கலாமே என்று தோன்றும். ஒரே மாதத்துக்கு இரண்டு இடத்தில் வாங்கியது தணிக்கையில் தெரிந்தால் மாணவர்தான் திருப்பிக் கட்ட வேண்டும். செய்யாதீர்கள்.

அடுத்தது மாதாந்திர உறுதிப்படுத்தல். யூ.ஜி.சி. வழியாக வரும் தொகைக்கு நிறுவனத்தில் ஒரு மேக்கர், ஒரு செக்கர் என்று இரண்டு ஐ.டி. இருக்கும். மாணவர் அந்த மாதம் வேலையில் இருந்தார் என்று மேக்கர் பதிவேற்றுவார், செக்கர் ஒப்புதல் தருவார். செக்கர் விடுப்பில் போனால் அந்த மாதம் நின்றுவிடும். உங்கள் பல்கலைக்கழகத்தில் அந்த இரண்டு நாற்காலியிலும் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இன்றைக்கே விசாரியுங்கள். எந்த நிறுவனம் வழியாகப் பணம் வந்தாலும் இப்படி ஒரு நாற்காலி எங்காவது இருக்கும்.

எஸ்.ஆர்.எஃப். உயர்வுக்குத் துறைத் தலைவர், நெறியாளர், வெளி வல்லுநர் என மூவர் குழு மதிப்பிட வேண்டும். இரண்டு வருடம் முடிந்த பிறகு வெளி வல்லுநரைத் தேடப் புறப்பட்டால் மூன்று மாதம் போய்விடும். 21ஆம் மாதத்திலேயே தேதி வாங்கி வையுங்கள்.

இரண்டாமவர்தான் சிக்கலான கேஸ். 1950 அரசாணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவர் மட்டுமே எஸ்.சி. அதனால் என்.எஃப்.எஸ்.சி. இவருக்கு இல்லை. சிறுபான்மையினருக்கென்று இருந்த மௌலானா ஆசாத் உதவித்தொகையும் 2022-23இலிருந்து புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டுவிட்டது. வேறொரு வழி இருக்கிறது. நெட்டில் விரிவுரையாளர் தகுதி மட்டும் உள்ளவரையும் மத்திய நிதியில் நடக்கும் ப்ராஜெக்ட்டில் 37,000 சம்பளத்தில் எடுக்கலாம், ஜே.ஆர்.எஃப். கட்டாயம் இல்லை. அடுத்து நீங்கள் எழுதும் விண்ணப்பத்தில் ஆள் செலவு வரியை இவரை மனதில் வைத்துப் போடுங்கள். கூடவே, தமிழக அரசு முழுநேர முனைவர் பட்ட மாணவருக்குத் தரும் ஆண்டுக்கு 1 லட்ச ரூபாய் ஊக்கத்தொகையில் ஆதிதிராவிடர், பழங்குடியினரோடு கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடரும் உண்டு. வேறு உதவித்தொகை வாங்காதவருக்குத்தான் அது. எது முதலில் கைக்கு வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளட்டும்.

மறுபடி நெட் எழுதினால் ஓ.பி.சி. சான்றை மத்திய அரசுப் படிவத்தில் எடுக்கச் சொல்லுங்கள். மாநில பி.சி. சான்று அங்கே செல்லாது. 8 லட்ச வருமான வரம்பில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. இது தெரியாமல் "எங்களுக்குக் கிடைக்காது" என்று ஒதுங்கியவர்கள் நிறைய.

---

நடுநிசி ஜெல்:

பணத்தை மேலே உள்ளவர் சொல்லிவிட்டார், நான் ஆய்வுத் தலைப்புக்கு வருகிறேன். முதல் தலைமுறை மாணவரின் காலை வாருவது பெரும்பாலும் அங்கேதான்.

ஊர்ப்பக்கப் பல்கலைக்கழகங்களில் வழக்கமான ஒரு ஆய்வேடு உண்டு: ஏதோ ஒரு இலை, எத்தனால் சாறு, எம்.டி.டி. சோதனை (செல் உயிரோடு இருக்கிறதா என்று நிறத்தால் பார்ப்பது), "புற்றுநோயைத் தடுக்கிறது" என்று முடிவு. மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமில் ஐ.சி.50 (செல் வளர்ச்சியைப் பாதியாக்கும் அளவு) வந்ததாக எழுதுவார்கள். கச்சாச் சாறு என்றால் சுமார் 30க்குக் கீழே வந்தால்தான் மேற்கொண்டு பார்க்கலாம் என்பது அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பழைய அளவுகோல். 150இல் உப்புத் தண்ணீர்கூட ஏதாவது செய்யும்! இந்த வகைக் கட்டுரை நாலு இருந்தாலும் நல்ல ஆய்வகத்தில் போஸ்ட்டாக் (பி.எச்டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) கிடைக்காது. மலிவு என்பதால் வசதி இல்லாத மாணவருக்குத்தான் இது தள்ளிவிடப்படுகிறது.

இன்னொன்று, கே.பி. செல்கள். வாய்ப் புற்றுநோய் செல் என்று இன்னும் எத்தனையோ ஆய்வகங்களில் இதை வளர்க்கிறார்கள். அது ஹீலா கலந்தது, அதாவது கருப்பை வாய்ப் புற்றுநோய் செல். ஹெச்.பி.வி.18 வைரஸின் மரபணு உள்ளேயே இருக்கும். இரண்டு வருடம் அதில் உழைத்துக் கட்டுரை அனுப்பினால் மதிப்பீட்டாளர் ஒரே வரியில் திருப்பி அனுப்புவார். கேல் 27, எஸ்.சி.சி.-9, எஸ்.சி.சி.-25 போன்ற வாய்ப் புற்றுநோய் செல்களை முறையான சேமிப்பகத்திலிருந்து, புனே என்.சி.சி.எஸ். (தேசிய செல் அறிவியல் மையம்) மாதிரி, வாங்குங்கள். வந்த அன்றே பத்துக் குப்பி உறைய வையுங்கள். எஸ்.டி.ஆர். அடையாளச் சோதனை (செல்லின் டி.என்.ஏ. கைரேகை) ஆரம்பத்தில் ஒருமுறை, கட்டுரை அனுப்புமுன் ஒருமுறை. மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்கான பி.சி.ஆர். சோதனை மாதந்தோறும். மைக்கோபிளாஸ்மா தொற்றினால் ஊடகம் கலங்காது, செல்லும் சாகாது, வளர்ச்சி வேகமும் மரபணு வெளிப்பாடும் மட்டும் மாறும். அதனால்தான் ஒரு வருடம் வரை யாருக்கும் தெரியாமல் இருக்கிறது.

மூன்றாவது, நோயாளி மாதிரிகள். முதல் வருட வேலை முழுவதையும் மருத்துவமனைத் திசுவை நம்பி வைக்காதீர்கள். நெறிமுறைக் குழு கூட வேண்டும், தமிழ் ஒப்புதல் படிவத்தில் திருத்தம் சொல்வார்கள், மருத்துவமனைக் குழு தனி, உங்கள் குழு தனி, நடுவில் ஒப்பந்தம். ஆறு மாதம் சர்வசாதாரணம். அனுமதி வந்த பிறகும், அறுவை அரங்கிலிருந்து திசு அரை மணிக்குள் ஆர்.என்.ஏ. காக்கும் கரைசலுக்கோ திரவ நைட்ரஜனுக்கோ போகவில்லை என்றால் ஆர்.என்.ஏ. சிதைந்திருக்கும். ட்யூபோடு அரங்க வாசலில் நிற்பது யார் என்று முன்பே எழுதி வையுங்கள்.

இதனால் ஆய்வேட்டை இரண்டு காலில் நிறுத்துங்கள். ஒரு கால் பொதுத் தரவு. டி.சி.ஜி.ஏ. என்ற அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத் தொகுப்பில் 33 வகைப் புற்றுநோய், 11,000க்கு மேற்பட்ட நோயாளிகள். தலை-கழுத்துப் புற்றுநோய் மட்டும் 500க்கு மேல். சி-பயோபோர்ட்டல் இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். நெறிமுறைக் குழு கூடும்வரை மாணவர் சும்மா உட்கார மாட்டார். இன்னொரு கால் செல்லிலோ திசுவிலோ அதைச் சோதிப்பது. அந்தத் தரவில் இந்தியர் மிகக் குறைவு, புகையிலை மெல்லுவதால் வரும் கன்ன-ஈறுப் புற்றுநோயின் சாயல் வேறு. மேற்கு வங்கத்தின் கல்யாணி நகரிலும் மும்பையிலும் உள்ள குழுக்கள் 2013இல் அந்தப் புற்றுநோயின் மரபணுப் பிறழ்வுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். நம் ஊர் மாணவர் கேட்கத்தக்க கேள்விகள் இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தில்தான் கிடக்கின்றன.

---

வெஸ்டர்ன் பிளாட்:

@நடுநிசி ஜெல், பாதி ஒப்புக்கொள்கிறேன், பாதிக்குச் சண்டை.

"காசில்லையா, தரவு ஆராய்ச்சி செய்" என்பதும் இலைச்சாறு மாதிரியே ஆகிக்கொண்டு வருகிறது. ஒரே ஆய்வகத்தில் வசதியான வீட்டுப் பையனுக்கு எலியும் கிரிஸ்பரும் (மரபணு திருத்தும் முறை), உதவித்தொகை மாணவருக்கு லேப்டாப் என்று பிரிந்தால், ஐந்து வருடம் கழித்து இரண்டாமவர் கையில் ஒரு பரிசோதனைத் திறனும் இருக்காது. நேர்முகத்தில் "ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை ஒவ்வொன்றாக லேசரில் அளப்பது) நீங்களே ஓட்டியிருக்கிறீர்களா?" என்பார்கள். "ஆபரேட்டர் ஓட்டினார்" என்றால் கதை முடிந்தது.

எனவே பங்கீட்டை எழுத்தில் வையுங்கள். ஆய்வகச் சுவரில் ஒரு தாள்: கன்ஃபோகல் நுண்ணோக்கி, ஃப்ளோ, செல் வளர்ப்பு ஹூட், யாருக்கு எந்த நாள் எந்த மணி. எழுதாமல் விட்டால் சீனியரும் குரல் உயர்ந்தவரும் பகலை எடுத்துக்கொள்வார்கள், புதியவருக்கு இரவு பத்துக்கு மேல் மிஞ்சும். விடுதிக்கு ஒன்பது மணிக்குத் திரும்ப வேண்டிய மாணவிக்கு அதுவும் இல்லை.

ஆன்டிபாடி விஷயமும் இதே. அறிவியல் பாடத்துக்கு யூ.ஜி.சி. வகை சில்லறைச் செலவுத் தொகை முதல் இரண்டு வருடம் ஆண்டுக்கு 12,000, அப்புறம் 25,000. அந்த 12,000த்துக்கு இறக்குமதி ஆன்டிபாடி ஒன்று வாங்குவதே கஷ்டம். "உன் தொகையில் வாங்கிக்கொள்" என்று மாணவர் தலையில் கட்டாதீர்கள். பொதுக் கையிருப்பு வைத்து, புதுக்குப்பி வந்ததும் 10 மைக்ரோலிட்டராகப் பிரித்து உறைய வைத்தால் ஒரு குப்பி மூன்று பேருக்குப் போதும். சிலர் செய்வது போல முழுக்குப்பியைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்தால் புரதச் சோதனையில் பட்டை மங்கும், பழி புதுப் பிள்ளை மேல் விழும்.

கட்டுரையில் யார் முதல் பெயர் என்பதும் பரிசோதனை தொடங்குமுன் ஒரு மின்னஞ்சலில் இருக்கட்டும். "நீங்கள் படம் 1 முதல் 4 வரை செய்தால் முதல் ஆசிரியர்" என்று ஒரு வரி போதும். பிற்பாடு பெயர் கீழே இறங்கும்போது கேள்வி கேட்கத் தெரியாதவர்கள்தான் இழக்கிறார்கள்.

வெளியீட்டுக் கட்டணம்: பத்திரிகை கலப்பு வகையாக (சந்தா, திறந்த அணுகல் இரண்டும் உள்ளதாக) இருந்தால் சந்தா வழியைத் தேர்ந்தெடுங்கள், கட்டணம் பூஜ்யம். அனுப்பும் நாளிலேயே முன்பதிப்பாக (மதிப்பீட்டுக்கு முந்தைய வடிவம்) பயோ-ஆர்க்கைவ் இணையதளத்தில் போட்டுவிட்டால் விண்ணப்பங்களில் காட்டக் கையில் ஒன்று இருக்கும். 2025 ஜனவரியில் வந்த ஒரே நாடு ஒரே சந்தா (ஆய்விதழ்களுக்கான மத்திய அரசின் பொதுச் சந்தா) படிப்பதற்குத்தான் பெருமளவு உதவும், வெளியிட அதை நம்பாதீர்கள்.

---

நடுநிசி ஜெல்:

@வெஸ்டர்ன் பிளாட், சுவர்த் தாள் சரி, ஏற்கிறேன். தரவுக் காலை முதல் எட்டு மாதத்துக்கு மேல் நீட்டக் கூடாது என்று என் பதிலில் சேர்த்துப் படியுங்கள்.

---

பிப்பெட்டும் பேனாவும்:

மேக்கர் யார் என்று கண்டுபிடித்துவிட்டேன். செக்கர் நாற்காலி ஏழு மாதமாகக் காலி! நல்ல வேளை கேட்டேன். பக்கத்துத் துறை உதவிப் பேராசிரியருக்கும், பி.எச்டி. முடித்த பிறகு வெளிநாடு போவதற்கும் யாராவது சொல்லுங்களேன்.

---

பதினாலாம் புள்ளி:

உதவிப் பேராசிரியருக்கு: ஆராய்ச்சிக்கு நிதி தரும் மத்திய அமைப்பான ஏ.என்.ஆர்.எஃப்.இல் எஸ்.சி., எஸ்.டி. ஆய்வாளர்களுக்கென்றே ஐ.ஆர்.ஜி. என்ற திட்டம் உண்டு. மூன்று ஆண்டுக்கு 60 லட்சம் வரை, நிறுவன மேல்செலவு தனி. அதற்கு முந்தைய அமைப்பான எஸ்.இ.ஆர்.பி.யில் இ.இ.க்யூ. என்று இருந்த திட்டத்தின் வாரிசு. நிரந்தரப் பணி வேண்டும். அழைப்பு திறந்திருக்கும் நாட்கள் கொஞ்சம்தான், நிறுவன ஒப்புதல் கடிதத்தில் பதிவாளர் கையெழுத்து வாங்க இரண்டு வாரம் ஆகும். கடிதத்தை அழைப்பு வருமுன் தட்டச்சு செய்து வைக்கட்டும்.

விண்ணப்பம் அடிபடும் இடம் பெரும்பாலும் யோசனை அல்ல, பட்ஜெட். 60 லட்சம் என்றதும் 35 லட்சத்துக்கு ஒரு கருவி போடுவார்கள். அதே கருவி பல்கலைக்கழக மையத்தில் இருந்தால் குழு வெட்டும், வெட்டிய பணம் நுகர்பொருளுக்குத் திரும்ப வராது. கருவியைப் பத்துப் பன்னிரண்டு லட்சத்தில் நிறுத்தி, ஆள் ஒருவர், நுகர்பொருள், வரிசைப்படுத்தல் செலவு என்று பிரித்தால் நிற்கும். பணம் வந்த பின், நிதியாண்டு முடியும் மார்ச் 31ஐ மறக்கக் கூடாது. செலவுச் சான்று தாமதமானால் அடுத்த தவணை தாமதம், அடுத்த தவணை தாமதமானால் ஜே.ஆர்.எஃப். சம்பளம் நின்றுபோகும். நின்றுபோனால் முதலில் ஆய்வகத்தை விட்டுப் போவது இங்கே பேசுகிற அதே மாணவர்தான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இந்தத் தனித் திட்டத்தோடு நின்றுவிட வேண்டாம். பொதுத் திட்டங்களுக்கும் போடட்டும். "உங்களுக்குத்தான் தனியாக இருக்கிறதே" என்று துறையில் சொல்வார்கள், காதில் வாங்க வேண்டாம். பிரதமர் பெயரில் உள்ள இளம் ஆய்வாளர் நிதியில் வயது வரம்பு 42, எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., பெண்களுக்கு மூன்று வருடத் தளர்வு.

வேலை பற்றி. என் புனைபெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு: மத்திய ஒதுக்கீட்டில் எஸ்.டி.க்கு 7.5 சதவீதம். சுழற்சிப் பட்டியலில் (எந்தப் பணியிடம் எந்தப் பிரிவுக்கு என்ற வரிசை) அவர்களுக்கான முதல் இடம் 14ஆவது. துறையை அலகாக வைத்தால் ஏழெட்டுப் பணியிடம் உள்ள துறைக்கு அந்தப் பதினாலு வரவே வராது. 2019இல் வந்த ஆசிரியர் பணியிட இடஒதுக்கீட்டுச் சட்டம் முழு நிறுவனத்தையும் ஒரே அலகாக்கியது. ஆனால் அதே சட்டத்தின் அட்டவணையில் விலக்குப் பெற்ற நிறுவனங்களும் இருக்கின்றன. ஹோமி பாபா தேசிய நிறுவனமும் அதன் உறுப்பு நிறுவனங்களும் அதில் வரும், டாடா நினைவு மையமும் அவற்றில் ஒன்று. புற்றுநோய் ஆராய்ச்சியில் நாட்டின் பெரிய பெயர் அது. அங்கே ஆசிரியர் பணிக்கு இந்தச் சட்டத்தின் துணை இல்லை என்று தெரிந்தே விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டுரைப் பட்டியல் அதற்கேற்றாற்போல் இருக்க வேண்டும் என்கிறேன்.

மற்ற இடங்களில் "தகுதியானவர் இல்லை" என்று போட்டு இடம் காலியாகவே விடப்பட்டால், மதிப்பெண் பங்கீட்டைத் தகவல் உரிமையில் கேட்கலாம். அடுத்த அறிவிப்பில் அந்த இடம் நிரப்பப்படாத நிலுவை இடமாக (பேக்லாக்) வருகிறதா என்று பாருங்கள்.

---

கடல் தாண்டி:

வெளிநாடு பற்றிக் கேட்டதால் ஒரு தவறான கணக்கைத் திருத்துகிறேன். அமெரிக்காவில் "சிறுபான்மை விஞ்ஞானி" என்றால் கறுப்பினத்தவர், ஹிஸ்பானிக், பழங்குடி அமெரிக்கர், பசிபிக் தீவினர். ஆசியர் அந்தப் பட்டியலில் இல்லை. சாதி அவர்கள் படிவத்தில் ஒரு பெட்டியே இல்லை. அவர்களுக்கென்று இருந்த துணைநிதிகளுக்குக் குடியுரிமையோ பச்சை அட்டையோ வேண்டும் என்பது ஒருபுறம், 2025இல் என்.ஐ.ஹெச். (அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம்) அப்படிப்பட்ட அறிவிப்புகளை வரிசையாக எடுத்துவிட்டது என்பது இன்னொருபுறம். அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

விசாவில் இருப்பவருக்கும் திறந்திருப்பது கே99/ஆர்00, போஸ்ட்டாக்கிலிருந்து சொந்த ஆய்வகத்துக்குப் போக உதவும் என்.ஐ.ஹெச். நிதி. போஸ்ட்டாக் அனுபவம் நான்கு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. கடிகாரம் போஸ்ட்டாக் தொடங்கிய அன்றே ஓட ஆரம்பிக்கும். முதல் விண்ணப்பம் அடிபட்டால் திருத்தி மறுபடி போடவும் அந்த நான்குக்குள்ளேதான் நேரம். இரண்டாம் வருட முடிவில் முதல் விண்ணப்பம் போகாவிட்டால் பிற்பாடு மூச்சு முட்டும். எஃப்32, கே01, கே08 போன்ற மற்ற என்.ஐ.ஹெச். நிதிகள் எல்லாம் குடிமக்களுக்கும் பச்சை அட்டைக்காரருக்கும்தான்.

ஐரோப்பாவில் எம்போ (ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பு) தரும் போஸ்ட்டாக் உதவித்தொகை ஒன்று. 2016இல் இந்தியா அதன் இணை உறுப்பானது. பி.எச்டி. முடிந்து அதிக காலம் ஆகியிருக்கக் கூடாது, ஆகவே ஆய்வேடு சமர்ப்பிக்கும் வருடத்திலேயே புரவலர் ஆய்வகத்துக்கு எழுத வேண்டும்.

அந்த முதல் மின்னஞ்சலை மாணவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். "ரெஸ்பெக்டட் சார்" என்று தொடங்கி மதிப்பெண் விழுக்காட்டை அடுக்கினால் படிக்க மாட்டார்கள். மூன்று பத்தி போதும்: உங்கள் ஆய்வகத்தின் இந்தக் கட்டுரையில் இந்தப் படம் எனக்கு இந்தக் கேள்வியை எழுப்பியது, நான் செய்தது இது, முன்பதிப்பு இணைப்பு இது, என் கைத்திறன் இவை, இந்த மாதம் வர முடியும். பரிந்துரைக் கடிதத்தில் "கடின உழைப்பாளி, பணிவானவர்" என்ற இரண்டு சொல்லையும் தயவுசெய்து விடுங்கள். அங்கே அதைப் படிப்பவருக்கு 'சொந்த யோசனை இல்லாதவர்' என்றுதான் கேட்கும். எந்தப் பரிசோதனையை அவரே வடிவமைத்தார், எது தோற்றபோது எப்படிப் பிடித்தார் என்று எழுதுங்கள்.

மாநாட்டுப் பயண நிதி பெரும்பாலும் போய் வந்த பிறகு பில் பார்த்துத் தருவது. டிக்கெட், விசா, விடுதி எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்தை யார் முதலில் போடுவது? துறையில் ஒரு சுழல்நிதி இல்லையென்றால் தேர்வான மாணவரும் போக மாட்டார், காரணமும் சொல்ல மாட்டார்.

---

கணக்குப்பிள்ளை:

விட்டுப்போன ஒன்று, சின்னது, ஆனால் ஆளைக் கொல்லும். பெயர்.

பத்தாம் வகுப்புச் சான்றில் "கவிதா எம்", ஆதாரில் "கவிதா முருகன்", வங்கியில் "எம். கவிதா". உதவித்தொகை நேரடியாக வங்கிக்குப் போகும்போது பெயர் பொருந்தாமல் திரும்பும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதினால் நெட் சான்றோடு ஒட்டாது. கட்டுரைகளில் ஒருமுறை "எம். கவிதா", ஒருமுறை "கவிதா எம்.", கல்யாணத்துக்குப் பின் வேறு இனிஷியல் என்று மூன்று பேராகப் பிரிந்துவிடுவார், மேற்கோள் எண்ணிக்கையும் மூன்றாகும். சேர்ந்த முதல் வாரத்தில் மூவரையும் உட்கார வைத்து, பாஸ்போர்ட்டில் எப்படி வர வேண்டும் என்று முடிவு செய்து, ஆதார், வங்கி, பல்கலைக்கழகப் பதிவு, ஆர்க்கிட் எண் (ஆய்வாளர் அடையாள எண்) நான்கிலும் அதே எழுத்தை ஏற்றுங்கள். சமூகச் சான்றில் பெயர் வேறாக இருந்தால் இ-சேவையில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்குத் தந்தையின் சான்றும் கேட்பார்கள், ஊருக்குப் போகும்போது மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள்.

அந்தக் காலி செக்கர் நாற்காலிக்குப் பதிவாளரிடம் இன்றைக்கே எழுத்தில் கொடுங்கள், நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.